காரை எத்தனை நாளுக்கு ஒருக்கா கழுவுறது?

விடிய ஐஞ்சரைக்கு எங்கட வீட்டில முதலில் கேட்பது கிணத்து மோட்டர் சத்தம். அப்பா காரைக் கழுவத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். ஹயர் ஓடுற கார் அது. ஒருநாள் கட்டுநாயக்கா, ஒருநாள் குறிகட்டுவான், ஒருநாள் கலியாண வீடு. ஓட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் காலமையில ஒரு குளிப்பு நிச்சயம்.

கம்பஸ் லீவில வீட்டில நிக்கேக்க ஒருநாள் கணக்குப் பார்த்தேன். எங்கட ஹோஸில 20 லீற்றர் வாளி நிரம்ப ஒண்டரை நிமிசம் எடுக்கும். அப்பா கழுவி முடிக்க 25 நிமிசம். அதுக்கிடையில ஹோஸ் ஒருக்காலும் பூட்டப்படுவதில்லை. அப்ப நாளுக்கு 300 லீற்றருக்கு மேல. மாசத்துக்கு, மொட்டைமாடியில வைக்கிற 1,000 லீற்றர் தாங்கி பத்து!

யாழ்ப்பாணத்தில் இது சின்ன விசயம் இல்லை. வருசம் முழுக்க ஓடுற ஆறு எங்களுக்குக் கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குவதுதான் எங்கட தண்ணி. அந்த நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல ஒரு படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். எங்கட வீடு அராலியில், கடனீரேரிக்குக் கிட்ட. ஆவணி, புரட்டாதியில் கிணறு சவராகிவிடும். அம்மா குடிதண்ணிக்குக் கானோட அலைவா. முற்றத்தில் கார் குளிச்சுக்கொண்டு நிற்கும்.

இதை அப்பாட்ட சொன்னேன்.

"கார் ஊத்தையா நிண்டா ஆர் ஏறுவினம்? நீ கம்பஸ் போற காசு இந்தப் பளபளப்பில இருந்துதான் வருது" என்றார்.

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோட சேர்த்தால் எங்களுக்கு எட்டாத விலை. இந்தக் கார் பழுதானால் இன்னொன்று இல்லை.

ஆனால் நான் கேட்பது வேறு. தினமும் கழுவுறது உண்மையிலேயே காரைக் காப்பாத்துதா?

எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதுதான், துடைக்காமல் வெயிலில் காயவிட்ட பொனற்றிலும் படிகிறது. அந்தத் திட்டுகளை அப்பா பெயின்ட் பழசாகிப் போனது என்று நினைத்திருந்தார். அடுத்தது துணி. தூசிக்குள் மணல் இருக்கிறது. அதைப் பழைய பெனியனால் தேய்த்தால் வட்டம் வட்டமாகக் கீறல் விழும். கோப்பை கழுவுற சோப்போ, பூசியிருக்கிற வக்ஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். பளபளப்புக்கெண்டு செய்யிற வேலையே பளபளப்பைத் தின்னுது.

என்னைக் கேட்டால், கலண்டரைப் பார்க்காமல் கார் போய்வந்த இடத்தைப் பார்க்க வேண்டும். குறிகட்டுவான் வீதி கடலுக்கு நடுவால போகிறது. அங்கே போய்வந்தால் அண்டைக்கே கீழ்ப்பக்கத்துக்கும் சில்லுகளுக்கும் நல்ல தண்ணி அடிக்க வேணும். இல்லாட்டி உப்பு துருவைக் கொண்டு வரும். காகத்தின் எச்சத்தையும் விட்டுவைக்கக் கூடாது. வெயிலில் அது பெயின்டைத் தின்று தழும்பாக்கிவிடும். ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு எடுத்தால், ஒரு கப் தண்ணி போதும். ஏ9 வீதியில் இரவு ஓடி வந்தால் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கிற பூச்சிகளுக்கும் அதே வைத்தியம்தான்.

மற்றபடி வீட்டுக் காருக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கா முழுக் கழுவல் காணும். நிழலில் நிறுத்தி, மூன்று வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்று துணி அலச, ஒன்று கடைசியில் ஊற்ற. காய முதல் துடைக்க வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒருக்கா வக்ஸ். "கட் அண்ட் பொலிஷ்" என்று சேர்விஸ் ஸ்டேஷனில் கேட்டால் ஒருக்கா யோசியுங்கோ. அது பெயின்டின் மேல்படையைக் கொஞ்சம் அராவித்தான் பளபளப்பைக் கொண்டு வருகிறது. அடிக்கடி செய்ய அங்கே படை மிஞ்சாது.

உள்பக்கத்தை ஆரும் கவனிக்கிறதில்லை. கட்டுநாயக்காவுக்குப் போற சனம் ஏழெட்டு மணித்தியாலம் இருப்பது உள்ளுக்குத்தானே! கால்விரிப்பில் மணல், சீற்றுக்குக் கீழே பிஸ்கற் தூள், மாசக்கணக்கில் கழற்றாத ஏசி ஃபில்டர். இதையெல்லாம் சுத்தமாக்க வேண்டியது தூரிகையும் ஈரத்துணியும்தான். தண்ணி இல்லை.

"ஒரு காராலயா கிணறு உப்பாகும்? தோட்டக்காரர் எவ்வளவு இறைக்கினம்?" என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் தோட்டத்துக்கு இறைச்ச தண்ணி வெங்காயமாக வருது. எங்கட 300 லீற்றர் ஒழுங்கைக்குள் சேறாகக் கிடக்குது.

அப்பாவோட பேரம் பேசி, இப்போதைக்குக் கிழமைக்கு இரண்டு தரம் என்று முடிவாகியிருக்கிறது. வாளியில். இரண்டு கிழமைக்கு ஒருக்கா என்றால் மனுசன் சம்மதிக்கிறார் இல்லை. "ஹயர் கார் வேற, வீட்டுக் கார் வேற" என்கிறார். அதையும் ஏற்கத்தான் வேண்டும். ஹயர் ஓடாமல் முற்றத்தில் நிற்கிற கார்களைத் தினமும் குளிப்பாட்டுற வீடுகளுக்கு ஒரு வேலை சொல்லலாம். நாளைக்குக் காலமை ஹோஸைத் திறக்க முதல் ஃபோனில் நேரத்தைக் குறிச்சு வையுங்கோ. கழுவி முடிய ஒருக்கா பெருக்கிப் பாருங்கோ.