நிலமும் பொழுதும்

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் நடந்த அரசு விழாவில் இரண்டு திட்டங்கள் தொடங்கின. ஒன்று, குடும்பப் பெண்களுக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. மற்றொன்று, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி. மிக்சியின் வயரைச் செருகினால் சட்டினி அரைபடும். அதற்கு யாருடைய பாஸ்வேர்டும் தேவையில்லை. மடிக்கணினியும் திறந்தவுடன் படம் காட்டும், தட்டச்சு செய்யவிடும். ஆனால் அதில் ஒரு மென்பொருளைத் திருத்த வேண்டும், புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பெண் நினைத்தால், அதற்கு முன்பாக வேறொரு வேலையை முடித்தாக வேண்டும். அந்த முன்வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கட்டற்ற மென்பொருள், திறந்த மூலம் என்ற சொற்களை மாணவிகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து வளர்ந்த இயக்கம் இது. லினக்ஸ், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாம் இந்த வகை. மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். உரிமம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மாற்ற உட்காருகிறவள் முதலில் மொழிக்கான கருவிகளை நிறுவ வேண்டும். கிட் வேண்டும். மூல நிரலின் பிரதியை இறக்க வேண்டும். அது சார்ந்திருக்கும் துணைப் பொதிகளைச் சரியான பதிப்பில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டி, சோதனைகள் பிழையின்றி முடிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் முதல் வரி. இந்த ஏற்பாட்டை ‘டெவலப்மென்ட் என்விரான்மென்ட்’ என்கிறார்கள். நிரலாக்கச் சூழல் என்று நான் சொல்கிறேன்.

சூழல் என்றதும் தமிழ் படித்தவளுக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்காது. அகத்திணையியல் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுக்கிறது. உரிப்பொருள் என்பது ஒழுக்கம், நடக்கும் செயல். கருப்பொருள் என்பது அந்த நிலத்தின் உணவு, விலங்கு, மரம், பறை, யாழ். இவ்விரண்டுக்கும் முன்னால் நிற்கும் முதற்பொருள் நிலமும் பொழுதும். மென்பொருள் வழிகாட்டிகள் கருப்பொருளின் பட்டியலோடு தொடங்குகின்றன: இதை நிறுவு, அதை இறக்கு, இந்தக் கட்டளையை அடி. நிலமும் பொழுதும் எல்லாரிடமும் இருக்கின்றன என்பது அவற்றின் முடிவு. பெண்கள் வடிகட்டப்படுவது இந்த இடத்தில்தான்.

நிலத்தைப் பார்ப்போம். ஃபயர்பாக்ஸை நம் கணினியில் முழுமையாகக் கட்டியெடுக்க மொசில்லாவின் வழிகாட்டி 30, 40 ஜிபி காலியிடம் கேட்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போகும் குடும்பங்களில், வீட்டுக்கு ஒரு மடிக்கணினி இருந்தாலே பெரிது. அது அண்ணனுடையதாக இருக்கும். அட்மின் பாஸ்வேர்டு அவனிடம் இருக்கும். கல்லூரி லேபிலோ மாணவிகள் எதையும் நிறுவ முடியாதபடி பூட்டிவைத்திருப்பது வழக்கம். வைரஸ் வந்துவிடுமாம்.

பொழுது இன்னும் மோசம். இந்திய அரசின் 2024 காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். சூழல் அமைப்பது துண்டு துண்டாகச் செய்யக்கூடிய வேலையும் இல்லை. பாதியில் பிழை வந்தால், அதுவரை என்னென்ன செய்தோம் என்ற இழையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். அம்மாவின் ஷிப்ட் மாறும்போதெல்லாம் மகளின் நாளும் மாறுகிற வீட்டில் அந்த இழை அறுந்துகொண்டே இருக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, தமிழ் இலக்கியம் படிப்பவள். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கணினி ஐந்தாக எண்ணுகிறது என்று வகுப்பில் சொன்னேன். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். நமக்கோ அது மூன்றெழுத்து. இதைச் சரியாக எண்ணுவதற்கென்றே ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது என்றேன். அதில் தானும் ஏதாவது செய்யலாமா என்று கேட்டாள். அசையும் மாத்திரையும் தெரிந்தவள், செய்ய முடியும்தான். அண்ணனின் பழைய மடிக்கணினியை வாங்கி உட்கார்ந்தாள். முதல் ஞாயிறு, விண்டோஸ் அப்டேட் அவளது கைப்பேசி டேட்டாவைத் தின்றது. இரண்டாம் ஞாயிறு வீட்டுக்கு விருந்தாளிகள். மூன்றாம் ஞாயிறு பைத்தானை நிறுவிவிட்டாள். ஆனால் ‘பைத்தான்’ என்று அடித்தால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று கணினி ஆங்கிலத்தில் சொன்னது. திங்கட்கிழமை வந்து, “அம்மா, எனக்கு இதெல்லாம் வராது போல இருக்கு” என்றாள்.

நிறுவும்போது கீழே ஒரு சின்னக் கட்டம் வரும். பைத்தான் இருக்கும் இடத்தைக் கணினியின் பாதைப் பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும். அதில் ஒரு டிக் போட வேண்டும். அவள் போடவில்லை, அவ்வளவுதான். கணினித் துறைப் பையனுக்கு இது டீக்கடையிலோ இரவு பதினொரு மணிக்கு ஹாஸ்டல் மாடியிலோ ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. டீக்கடையும் மொட்டைமாடி இரவும் அவளுக்கு இல்லை. ஒரு டிக்குக்கு மூன்று ஞாயிறு. அதன் முடிவில் அவள் குறை சொன்னது தன்னைத்தான்.

‘ஐடி கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்களே, யார் தடுத்தார்கள்?’ என்று கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்து 2006இல் வெளியான ஃப்ளாஸ்போல்ஸ் ஆய்வு, நிறுவனங்களின் மென்பொருள் துறையில் பெண்கள் சுமார் 28 விழுக்காடு இருந்தபோது, கட்டற்ற மென்பொருளில் சுமார் 1.5 விழுக்காடே இருந்தார்கள் என்று காட்டியது. அந்த எண் பழையது. அது எழுப்பும் கேள்வி பழையதாகவில்லை. கம்பெனியில் சேரும் பெண்ணுக்குக் கணினியைக் கம்பெனி தருகிறது. சூழலை அமைத்துக்கொடுக்க ஆள் இருக்கிறார். எட்டு மணி நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. அதாவது நிலமும் பொழுதும் வேலையோடு சேர்ந்து வருகின்றன. திறந்த மூலத்திலோ இரண்டையும் அவளே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கேலி, வசை, ஒதுக்கல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கேலியைச் சந்திக்கக்கூட முதலில் உள்ளே போயாக வேண்டுமே.

நம்மிடையிலிருந்தே இன்னொரு கேள்வி வரும்: ‘வீட்டிலும் கூலியில்லாத வேலை, இங்கேயும் கூலியில்லாத வேலையா?’ நியாயமான கேள்வி. க்னோம் திட்டம் 2006இல் பெண்களுக்காகத் தொடங்கிய கோடைப் பயிற்சியிலிருந்து வளர்ந்த ‘அவுட்ரீச்சி’, பங்களிக்க வருபவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. நாமும் அதைக் கேட்க வேண்டும். ஆனால் விலகி நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. தமிழ் எழுத்தைக் கணினி எப்படி எண்ண வேண்டும், எப்படி வரிசைப்படுத்த வேண்டும், படிவத்தில் அப்பா பெயரா அம்மா பெயரா என்றெல்லாம் யாரோ முடிவு செய்கிறார்கள். செய்கிற இடத்தில் இல்லாதவள் அந்த முடிவுகளுக்குள் குடியிருக்க வேண்டியதுதான்.

செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. ஃபயர்பாக்ஸே ‘ஆர்ட்டிஃபாக்ட் பில்ட்’ என்ற வழியை வைத்திருக்கிறது: கட்ட நெடுநேரம் பிடிக்கும் பகுதிகளைக் கட்டிய வடிவிலேயே இறக்கிக்கொண்டு, மேற்பகுதியில் மட்டும் வேலை செய்யலாம். வலிமையான கணினி இல்லாதவரையும் யாரோ நினைத்துப் பார்த்ததால் வந்த வழி அது. தமிழிலும் கணியம் அறக்கட்டளை வழியாக து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ நூல்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே உரையாடுகிறது. நன்றியோடு ஒன்று கேட்கிறேன்: இப்படிப்பட்ட சந்திப்புகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன்? ஞாயிறு யாருக்கு விடுமுறை?

ஆகவே கோரிக்கைகள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது. தருகிற மடிக்கணினியில் கிட், பைத்தான், கம்பைலர், தமிழில் ஒரு வழிகாட்டி எல்லாம் முன்கூட்டியே இருக்கட்டும். அட்மின் பாஸ்வேர்டை மாணவியின் கையிலேயே கொடுங்கள். கல்லூரிகள் வாரத்தில் இரண்டு மணி நேரத்தைக் கால அட்டவணைக்குள்ளேயே ஒதுக்கி லேபைத் திறக்கட்டும். தேவையானவற்றைப் பென்டிரைவில் வைத்திருந்தால் டேட்டாவும் வேண்டாம். திட்டங்களை நடத்துபவர்கள் தங்கள் வழிகாட்டியை, முதன்முறை உட்காரும் ஒரு பெண்ணிடம், பழைய கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லட்டும். அவள் எங்கே நிற்கிறாளோ அங்கே பிழை இருக்கிறது. அதைக் கண்டு சொல்வதும் நிரலுக்குச் சமமான பங்களிப்பாக, அவள் பெயரில் பதிவாக வேண்டும்.

என் மாணவி அந்த டிக்கைப் பற்றித் தமிழில் அரைப்பக்கம் எழுதினாள். ஜூனியர்களுக்காக அதை எங்கள் துறைக் கணினியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இனி நிரல் எழுதுவாளா, கவிதை எழுதுவாளா, இரண்டும் வேண்டாம் என்பாளா, அது அவள் விருப்பம். வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் உள்ளே வர முடிந்தவளுக்குத்தான் உண்டு. அவள் வாசலில் நிற்கும்போதே அவளுக்காக வேறு யாரும் அதைச் சொல்லிவிடக் கூடாது.