5 லட்சம் ரூபாயில் தெருவின் முகம் மாறுமா? புனேயின் பங்கேற்பு பட்ஜெட் உணர்த்துவது என்ன?

மாநகராட்சி பட்ஜெட் என்றாலே மேம்பாலங்களும் சாலைகளும்தான் பேசப்படுகின்றன. தெருமுனையில் முதியோர் அமர ஓர் இருக்கை, நடைபாதையில் ஒரு சாய்தளம் போன்ற சிறு தேவைகள் அதில் இடம்பெறுவது அரிது. இந்தக் குறையைப் போக்க புனே மாநகராட்சி 2006-07 நிதியாண்டில் பங்கேற்பு பட்ஜெட் முறையைத் தொடங்கியது.

இதன்படி, குடியிருப்பாளர்கள் தங்கள் பகுதிக்கு வேண்டிய பணியைப் படிவத்தில் எழுதித் தரலாம். ஒரு பணிக்கான உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். பரிசீலனையில் ஏற்கப்படுபவை அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் சேர்க்கப்படுகின்றன.

ஆனால், யோசனை மக்களுடையதாக இருந்தாலும் முடிவு அதிகாரிகளிடமே உள்ளது. 1989-இல் இம்முறைக்கு வித்திட்ட பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில், மக்கள் கூட்டங்களே முன்னுரிமையைத் தீர்மானித்தன. பாரிஸ் நகரம் 2014-இல் திட்டங்களை நேரடி வாக்கெடுப்புக்கு விட்டபோது, சுவர்களில் தோட்டம் அமைக்கும் யோசனை வென்றது. பொறியாளரின் வழக்கமான பட்டியலில் இடம்பெறாத கற்பனைக்கு வாக்குச்சீட்டு வழிவிட்டது.

படிவத்தை மட்டுமே நம்பும் முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதவும் விண்ணப்பிக்கவும் வசதியுள்ளோரின் குரல் ஓங்கி, குடிசைப் பகுதிகளின் தேவை பின்தங்கிவிடலாம்.

3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம். இத்தகைய சிறு பணிகளை அக்குழுக்களின் முன்னிலையில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம். நிராகரிக்கப்பட்ட யோசனைகளுக்கான காரணத்தையும் வெளியிடலாம். அதற்குக் கூடுதல் நிதி தேவையில்லை. அதிகாரத்தைப் பகிரும் மனமே தேவை.