விற்ற பொருளின்மேல் விற்றவனுக்கு உரிமை யாது?

நூலொன்றை விலைகொடுத்து வாங்கியவன் அதனை மீண்டும் விற்கலாமோ என்று இந்நாளில் எவரும் வினவார். ஆயினும் அமெரிக்காவில் இத்தகைய வழக்கொன்று உச்சநீதிமன்றம்வரை சென்றதுண்டு. பாப்ஸ்-மெரில் என்னும் பிரசுரத்தார், தம் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்பது உரிமைமீறலாகும் என்று அந்நூலிலேயே அச்சிட்டிருந்தனர். மேஸி அங்காடியாரோ அதனை 89 சென்டுக்கு விற்றனர். முதல் விற்பனையோடு பிரசுரத்தாரின் அவ்வதிகாரம் ஒழிந்ததென 1908-இல் மன்றம் தீர்ப்பளித்தது.

இந்நியாயம் வீடியோ விளையாட்டு வெளியிடுவோர்க்கு நெடுங்காலமாகக் கசப்பாயிற்று. 1989-இல் நிண்டெண்டோ நிறுவனத்தார் பிளாக்பஸ்டர் என்னும் வாடகைக் கடையார்மேல் வழக்கிட்டனர். விளையாட்டை வாடகைக்கு விட்டதற்கன்று. உடன்வரும் கையேட்டைப் படியெடுத்ததற்கே! வாடகையைத் தடுக்கச் சட்டம் இடந்தரவில்லை. ஜப்பானிய உச்சநீதிமன்றமும் 2002-இல் பழைய விளையாட்டு விற்போர் பக்கமே நின்றது.

சட்டத்தால் இயலாததைப் பொறியால் முடிக்க முயன்றனர். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் 2010-இல், ஒருமுறையே செல்லும் குறியீட்டைத் தகட்டோடு வைத்தனர். பழைய தகடு வாங்கியவன் இணையத்தில் ஆட 10 டாலர் தரவேண்டியதாயிற்று. மூன்றாண்டில் இதனைக் கைவிட்டனர். 2013-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கு அறிவித்த விதிகளோ இன்னும் கடியன. கருவி 24 மணிக்கொருமுறை இணையத்தோடு தொடர்புகொள்ளல் வேண்டும்; வெளியிடுவோர் இசைந்தாலன்றி மறுவிற்பனை இல்லை; நண்பனுக்கு ஈவதாயினும் அவன் 30 நாளேனும் நண்பர் பட்டியலில் இருந்திருத்தல் வேண்டும். நட்புக்கும் தவணை குறித்தனர்போலும்! எதிர்ப்பு மிகவே, அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் அவ்விதிகளை மீட்டுக்கொண்டனர்.

பழைய பொருள் விற்பனையில் படைத்தோர்க்கு ஒரு காசும் சேர்வதில்லை என்பது அவர்தம் வாதம். மெய்யே. நாற்காலி செய்த தச்சனுக்கும் அங்ஙனமே. மேலும், பழையதை விற்ற பணங்கொண்டு புதியதை வாங்கும் இளைஞர் பலர் என்பதை அவர் கணக்கில் கொள்வதில்லை.

இப்பொழுது தகடின்றி இணையவழியே விற்கும் முறை பெருகிவிட்டமையால், வெளியிடுவோர் வாதிடவும் தேவையில்லாதாயிற்று. கையிற் பொருளில்லாதான் எதனைக் கைமாற்றுவான்? அத்தகைய விளையாட்டையும் மறுவிற்பனை செய்யலாமெனப் பாரிஸ் நீதிமன்றமொன்று 2019-இல் கூறியது. 2022-இல் மேல்முறையீட்டு மன்றம் அதனைத் தள்ளிற்று. விற்கப்படுவது உரிமமே என்பதை வாங்குவோர்க்குத் தெளிவுறுத்துமாறு கலிபோர்னியா 2024-இல் சட்டமியற்றியது. இழந்ததை எழுதிக்காட்டினால் இழந்தது மீளுமோ? ஒவ்வொரு நாளும் வாங்கியவனைச் சோதிக்கவல்ல பொறி, ஒருவன் கணக்கிலிருந்து விளையாட்டை நீக்கி மற்றொருவன் கணக்கிற் சேர்க்கவும் வல்லதே. அதனைச் செய்யுமாறு சட்டம் கட்டளையிடல் வேண்டுமென்பதே நாம் கேட்பது.