கண்டிக்கு வரட்டும் அந்த வகுப்பு

கண்டி–மகியங்கனை வீதியில் தெல்தெனிய நகரில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தாலே போதும், மலைநாட்டின் சரக்கு எப்படி நகர்கிறது என்று தெரிந்துவிடும். மகியங்கனைப் பக்கத்து நெல்லும் மரக்கறியும் பதினெட்டு வளைவு ஏறி, ஹுன்னஸ்கிரியவைக் கடந்து இந்த வழியாகத்தான் வருகின்றன. ரங்கலைப் பக்கத்துத் தேயிலை, நக்கிள்ஸ் அடிவாரத்து மிளகு, கராம்பு எல்லாமே கண்டிக்கு இறங்கும் வீதி இது. இதே வீதியில் கண்டிப் பக்கம் போனால் திகன, அதற்கு அப்பால் பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டை. அங்கே மூலப்பொருள் கொள்கலனில் வந்து, முடிந்த பொருளாகத் துறைமுகத்துக்குத் திரும்புகிறது.

இந்தப் பொருட்களை ஒழுங்காகவும் வீணாகாமலும் நகர்த்துவது எப்படி என்பது இன்று தனி ஒரு துறை. வழங்கல் சங்கிலி முகாமைத்துவம் என்று அதைப் பட்டப்பின் மட்டத்தில் படிப்பிக்கிறார்கள். நாட்டில் பெயர் பெற்ற முதுமாணிக் கற்கை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், கட்டுபெத்தையில் இருக்கிறது. தனியார் நிறுவனங்களின் வகுப்புகளும் பெரும்பாலும் கொழும்பையும் அதன் புறநகர்களையும் சுற்றியே நடக்கின்றன. சரக்கு புறப்படும் இடத்தில் இருப்பவர், அதைப் பற்றிப் படிக்கச் சரக்கு போய்ச் சேரும் இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

பல்லேகலையில் களஞ்சியப் பொறுப்பில் இருக்கும் ஒரு பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். வேலையில் இருப்பவர்களுக்கென்றே இந்தக் கற்கைகள் வார இறுதியில் நடக்கின்றன. தெல்தெனியவிலிருந்து கட்டுபெத்தைக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்புக்கு ஒரு பஸ், பிறகு காலி வீதியில் இன்னொன்று. போவதற்கு மட்டுமே ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. காலை வகுப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டியதும் புறப்பட வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். கட்டணமே பல இலட்சம் ரூபா. அதற்கு மேல் ஒவ்வொரு வாரமும் பயணம், சாப்பாடு, தங்குமிடம். மாதச் சம்பளத்தில் வீட்டைக் கொண்டு நடத்துகிற ஒருவருக்கு இது கட்டாது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். ஆடைத் தொழிற்சாலைகளில் திட்டமிடல், கொள்வனவு, தரக்கட்டுப்பாட்டு மேசைகளில் இருப்பவர்களில் பலர் பெண்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு இருட்டில் பஸ் ஏறு என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் முகாமையாளர் பதவி வெற்றிடமாகும் நாளில் பட்டப்பின் தகைமை இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர்கள் பின்னால் தள்ளப்படுகிறார்கள். பத்து வருட அனுபவம் அந்த இடத்தில் பேசப்படுவதில்லை.

“ஒன்லைனில் படிக்கலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. விரிவுரையைக் கேட்க அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தப் பாடத்தில் பாதி, ஒரு களஞ்சியத்துக்குள் போய் எது எங்கே தேங்குகிறது என்று பார்ப்பதில் இருக்கிறது. தோட்டத்துக் கொழுந்து பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் தரம் விழும். லொறி பழுதானால் என்ன மாற்று, மழைநாளில் எந்தப் பாதை என்பதை இங்குள்ள ஒரு கணக்கப்பிள்ளை அனுபவத்தில் அறிவார். அந்த அறிவையும் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பேச ஆட்கள் நேரில் கூட வேண்டும். மலைத் தோட்டங்களில் சிக்னல் கிடைக்கும் இலட்சணத்தையும் நாம் அறிவோம்.

இது ஒருசிலரின் பதவி உயர்வோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல. நம் நாட்டில் பழமும் மரக்கறியும் அறுவடைக்குப் பின் 30 முதல் 40 சதவீதம் வரை வீணாகின்றன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதைக் குறைக்க 2011 டிசம்பரில் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. நோக்கம் சரியானது. சாக்கில் அமுக்கிக் கட்டினால் தக்காளி நசுங்கத்தான் செய்யும். ஆனால் கூடைக்கு யார் காசு கொடுப்பது, வெறுங்கூடை எப்படித் திரும்பி வரும், ஒரு லொறியில் ஏறும் எடை குறைந்தால் கூலி யார் தலையில் விழும் என்பவற்றுக்கு விவசாயியும் வியாபாரியும் ஏற்கக்கூடிய பதில் முன்கூட்டியே இருக்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் விதி தளர்த்தப்பட்டது. இப்படிப்பட்ட கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்கத்தான் இந்தப் படிப்பு ஒருவரைப் பழக்குகிறது.

அதைவிட வலித்தது 2022. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அவசர சிகிச்சைகள் மட்டுமே நடந்தன. டொலர் இல்லாததுதான் மூலகாரணம், அதைப் படிப்பு தீர்த்திருக்காது. ஆனால் எந்த மருந்து எத்தனை நாளைக்குப் போதும், எது முதலில் முடியும், பக்கத்து வைத்தியசாலையில் மிச்சம் இருக்கிறதா என்று முன்கூட்டிக் கணக்கிடுவது பயிற்சியால் வருவது. தட்டுப்பாடு வரும் என்ற பேச்சுக் கிளம்பியதும் வீடுகள் கொஞ்சம் கூடுதலாக வாங்கும், கடைக்காரர் அதைப் பார்த்து இன்னும் கூடுதலாகக் கேட்பார், மொத்த வியாபாரி அதையும் விஞ்சுவார். இறுதியில் உண்மையான தேவை எதுவென்று யாருக்கும் தெரியாமல் போகும். எரிபொருள் வரிசையில் நின்ற எல்லோரும் இதைக் கண்டோம். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை மண்சரிவுகளால் சிதைத்தபோது, மலைப்பிரதேசத்துக்குள்ளேயே கையிருப்பு வைக்க வேண்டியதன் அவசியம் மறுபடியும் தெரிந்தது. அந்தத் திட்டத்தைத் தீட்ட மலைப்பாதைகளை அறிந்தவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

நாட்டிடம் கேட்க இந்த ஊருக்கு உரிமையும் உண்டு. 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போனது. கடைகளையும் வயல்களையும் விட்டு மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள். அந்த அணையின் 210 மெகாவாட் மின்நிலையம் நாடு முழுவதற்கும் ஒளி கொடுக்கிறது.

கேட்பதும் பெரிய கட்டடம் அல்ல. இடம் ஏற்கெனவே இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இயங்குகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடமும் விவசாயப் பட்டப்பின் கல்வி நிறுவகமும் உள்ளன. மொறட்டுவையின் விரிவுரையாளர்களும் பேராதனையின் விவசாய நிபுணர்களும் சேர்ந்து வார இறுதிக் கற்கை ஒன்றை இங்கே தொடங்க என்ன தடை?

முதலிலேயே முதுமாணி வேண்டும் என்றும் இல்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 7ஆம் மட்டத்துப் பட்டப்பின் சான்றிதழுக்கு 20 திறமைப்புள்ளிகள் போதும். அதை முதற்படியாக வைத்து, முடித்தவர்கள் பிறகு டிப்ளோமாவுக்கும் முதுமாணிக்கும் அந்தப் புள்ளிகளைக் கொண்டுபோக வழிசெய்யலாம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கட்டும். கலந்துரையாடல் வகுப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வைத்தால் தோட்டப் பாடசாலையிலிருந்து பட்டதாரியாகி வந்த பிள்ளை வாய்திறந்து கேள்வி கேட்கும். ஆய்வறிக்கைக்குப் பல்லேகலையின் களஞ்சியம், ரங்கலையின் கொழுந்து லொறி, மாவட்ட வைத்தியசாலைகளின் மருந்தறை என்று இங்குள்ள சிக்கல்களையே கொடுக்க வேண்டும்.

பணத்துக்கும் ஒரு வழி உண்டு. உயர்தரம் சித்தியடைந்தவர்கள் முதற்பட்டம் படிக்க அரசாங்கம் வட்டியில்லாக் கடன் தருகிறது. அதே ஏற்பாட்டை வேலையில் இருப்போரின் பட்டப்பின் சான்றிதழுக்கும் நீட்டலாம். பல்லேகலைத் தொழிற்சாலைகள் தங்கள் ஊழியருக்குப் பாதிக் கட்டணத்தை ஏற்று, சனிக்கிழமை விடுப்பும் கொடுத்தால் அதன் பயன் அவர்களுடைய களஞ்சியத்திலேயே தெரியும்.

பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களின் மூதவைகளும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் கல்வி அமைச்சும் இதை ஒரே மேசையில் பேசி முடிக்க வேண்டும். கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இதை எழுப்ப வேண்டும். வகுப்பின் நேரத்தைக் குறிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பிற்பகல் நான்கு மணிக்கு முடித்துவிட்டால், ஹுன்னஸ்கிரியவுக்கும் உடுதும்பறைக்கும் போகிறவர்கள் இருட்டுமுன் பஸ் பிடித்துவிடுவார்கள்.