நெகேமியா வாங்காத படி

கிறிஸ்தவ வாலிபர் கூட்டங்களில் தலைமைத்துவம் என்று பேச்சு எடுத்தால் நெகேமியாவின் பெயர் வராமல் போகாது. சூசான் அரண்மனையில் அர்தசஷ்டா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்தவர், கி.மு. 445-ல் எருசலேமுக்கு வந்து, இடிந்து கிடந்த அலங்கத்தை 52 நாட்களில் கட்டி முடித்தார். திட்டமிடுவது எப்படி, வேலையைப் பகிர்ந்து கொடுப்பது எப்படி, எதிர்ப்பைச் சமாளிப்பது எப்படி என்று இதிலிருந்து பல பாடங்கள் எடுக்கிறார்கள். எல்லாம் நல்ல பாடங்கள்தான். ஆனால் அவை அவருடைய திறமையைத்தான் காட்டுகின்றன. குணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 5-ம் அதிகாரத்துக்குப் போக வேண்டும்.

அங்கே ஜனங்கள் அழுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள் சிலர். ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கியவர்கள் சிலர். பெற்ற பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுக்கும் நிலைமை. கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் அல்ல, சொந்த ஜனத்தின் பெரிய மனிதர்கள்!

நெகேமியாவுக்குக் கோபம் வந்தது. சபையைக் கூட்டி அவர்களை நேருக்கு நேர் கண்டித்தார். அதோடு, தானும் தன்னைச் சேர்ந்தவர்களும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதையும் அதே சபையில் சொன்னார். நிலங்களும், திராட்சைத் தோட்டங்களும், வீடுகளும், வாங்கிய வட்டியும் திரும்பக் கொடுக்கப்பட வேண்டும் என்றார். ஆசாரியர்களை அழைத்து, அவர்கள் முன் சத்தியமும் வாங்கினார்.

அந்தப் பேச்சுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதி அதைச் சொல்கிறது. தேசாதிபதிக்கு ஜனங்கள் படி கொடுக்க வேண்டும். முன்பிருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும், அதோடு 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். நெகேமியா 12 வருடங்கள் அதை வாங்கவில்லை. அவருடைய பந்தியில் தினமும் 150 பேருக்கு மேல் சாப்பிட்டும் வாங்கவில்லை. நிலமும் வாங்கிச் சேர்க்கவில்லை. அவர் சொல்லும் காரணங்கள் இரண்டே: தேவபயம், ஜனங்களின் மேல் இருந்த பாரம்.

அந்தப் படி லஞ்சம் அல்ல, பதவியோடு வந்த உரிமை. வாங்கியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. தவறானதை மறுப்பது நேர்மை. நியாயமாகக் கிடைப்பதையும், அது எளியவனுக்குப் பாரமாகும் நேரத்தில் விட்டுவிடுவது அதற்கும் ஒரு படி மேல். விசுவாசம் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி வாழ்க்கைக்குள் வந்திருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும்.

அவர் வசதியானவர், அதனால் விட்டுக்கொடுத்தார் என்று சிலர் சொல்லலாம். வட்டி வாங்கிய பெரிய மனிதர்களும் வசதியானவர்கள்தானே? வசதி இருந்தால் மட்டும் மனம் வந்துவிடாது. கூலி வாங்குவதும் பாவம் அல்ல. உழைப்பவன் கூலிக்குப் பாத்திரன் என்று வேதமே சொல்கிறது. கேள்வி கூலியைப் பற்றியது அல்ல, அந்தக் கூலியின் பாரம் யார் தோளில் விழுகிறது என்பதைப் பற்றியது.

அரியணை ஏறுகிறவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல இது. ஹாஸ்டல் மெஸ் செயலாளர், வகுப்புத் தலைவர், சபை கமிட்டி உறுப்பினர் என்று எல்லாப் பொறுப்புகளுக்கும் சின்னச் சின்னப் படிகள் உண்டு. முதல் வரிசை நாற்காலி, பந்தியில் முதல் இலை, வேலையைப் பிறர்மேல் தள்ளிவிடும் சலுகை. அதில் எதை ஒருவர் வேண்டாம் என்று விட்டார் என்பதைக் கூட இருப்பவர்கள் கவனிக்கிறார்கள். அப்படி விட்டவர் நாளைக்கு ஒரு தவறைக் கண்டிக்க எழுந்து நின்றால், அவர் பேச்சைக் கேட்பார்கள்.