எம்.பி.ஏ. கல்லூரியும் வகுப்புரிமையும்

வர்த்தக நிர்வாகம் கற்றுக்கொடுக்கும் பெரிய கல்லூரிகளெல்லாம் இப்பொழுது "டைவர்சிட்டி" என்று ஒரு வார்த்தையை மந்திரம் போல் ஜெபித்து வருகின்றன. அதாவது ஒரே மாதிரியான மாணவர்களைக் கொண்டே வகுப்பை நிரப்பிவிட்டால் படிப்பு ருசிக்காதாம். ஆதலால் ஆணும் பெண்ணும், என்ஜினீயரும் என்ஜினீயரல்லாதாரும், உத்தியோகம் பார்த்தவரும் பாராதவருமாகப் பல தரத்தாரும் கலந்திருக்க வேண்டுமாம். இதைக் கேட்க நமக்கு மெத்த சந்தோஷம்தான். நூறு வருஷமாய் நம்மவர்கள் தமிழில் சொல்லி வந்ததைக் கோட்டுப் போட்டவர்கள் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தால் நாம் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்? ஆனால் அந்தக் கலப்பில் மணவூர்ப் பையனுக்கும் பெண்ணுக்கும் இடமுண்டா என்பதே நமது கேள்வி.

மணவூர் என்பது சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் மார்க்கத்தில் திருவாலங்காட்டுக்கு முந்திய ஸ்டேஷன். மலைக்கோயிலுக்குப் பேர்போன திருத்தணியும், அதைச் சுற்றிய ஊர்களும் 1960 வரை ஆந்திர ராஜ்யத்தில் இருந்து, கிளர்ச்சிக்குப் பின் இந்தப் பக்கம் வந்தவை. ஆதலால் இந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் பள்ளிக்கூடத்தில் தமிழுமாக வளர்ந்த பிள்ளைகள் அநேகர். இங்கிலீஷ் அவர்களுக்கு மூன்றாவது பாஷை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஐ.ஐ.எம். என்று சொல்லப்படும் மத்திய சர்க்காரின் வர்த்தக நிர்வாகக் கல்லூரிகள் 1961இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஆரம்பமாயின. இப்போது 20க்கு மேல் இருக்கின்றன. 2011 முதல் நமது திருச்சியிலும் ஒன்று இருக்கிறது. இவற்றில் நுழைய நவம்பர் மாதக் கடைசியில் "கேட்" என்று ஒரு பரீட்சை. இரண்டு மணி நேரம், மூன்று பாகம். அதில் ஒரு பாகம் இங்கிலீஷே. மற்ற இரண்டு பாகங்கள் கணக்கும் தர்க்கமும், ஆனால் கேள்வி இங்கிலீஷில்தான். வருஷத்தில் மூன்று லட்சம் பேர் வரை எழுதுகிறார்கள். இதில் தேறினால் பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்பு மார்க்குகளையும் கூட்டிப் பார்க்கிறார்கள்; அதாவது பதினைந்து வயதில் தறிக்கும் புத்தகத்துக்குமிடையே அல்லாடி வாங்கிய மார்க்கு இருபத்திரண்டு வயதில் வந்து வாசலில் மறிக்கும். பிறகு இண்டர்வியூ. அதையும் தாண்டினால் இரண்டு வருஷத்துக்குச் சம்பளம் பெரிய கல்லூரிகளில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல்! பாங்கி கடன் கொடுக்கும், ஆதிதிராவிடத் தோழர்களுக்கு மத்திய சர்க்கார் உபகாரச் சம்பளமும் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அந்தத் தொகையைக் காதால் கேட்டவுடனே விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடும் வீடுகள் எத்தனை என்பதை எந்தக் கல்லூரியாவது கணக்கெடுக்குமா?

நிற்க. இந்தக் கல்லூரிகளில் பல, மேற்படி டைவர்சிட்டிக்காகத் தனி மார்க்கு வைத்திருக்கின்றன. பெண்ணானால் இத்தனை மார்க்கு, என்ஜினீயரிங் அல்லாத படிப்பானால் இத்தனை மார்க்கு என்று அட்டவணை போட்டுக் கூட்டுகிறார்கள். இதை நாம் குறை சொல்லவில்லை. கோழிக்கோட்டுக் கல்லூரியில் இம்மாதிரி மார்க்கு முறையை மாற்றியதால் 2013இல் சேர்ந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்களே வந்துவிட்டார்கள். அதனால் கல்லூரி கெட்டுப்போகவுமில்லை, அதன் பெயர் தாழவுமில்லை. பெண்களுக்கு மூளை போதாது என்று சொன்னவர்கள்தான் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். 2006இல், பிற்பட்ட வகுப்பாருக்கு 100க்கு 27 இடம் மத்திய கல்லூரிகளில் தரவேண்டுமென்று சட்டம் வந்தபோது என்ன சொன்னார்கள்? தகுதி போயிற்று, திறமை போயிற்று, உலகத்தில் தலைகாட்ட முடியாது என்று பத்திரிகைகளெல்லாம் ஒப்பாரி வைத்தன. வழக்குப் போட்டு, 2007இல் சுப்ரீம் கோர்ட்டில் தடையும் வாங்கினார்கள். 2008 ஏப்ரல் 10ஆம் தேதி தீர்ப்பாகிச் சட்டம் செல்லுமென்று ஆன பிறகே பிள்ளைகள் உள்ளே போக முடிந்தது. மார்க்கு ஒன்றேதான் தகுதி என்று அன்று கோர்ட்டில் சாதித்தார்கள். என்ஜினீயரல்லாதவனுக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டு உள்ளே அழைக்கும்போது மாத்திரம் அந்தத் தகுதி எங்கே போய்விடுகிறது? அப்போது அதற்கு டைவர்சிட்டி என்று பெயர். வண்ணான் வீட்டுப் பிள்ளை வந்தால் மாத்திரம் தகுதிக் குறைவு! மார்க்கு மட்டும் தகுதியல்ல என்பதை இவர்களே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனி யாருடைய குறையைக் கண்ணெடுத்துப் பார்ப்பது, யாருடையதைப் பாராமல் விடுவது என்பது ஒன்றுதான் பாக்கி. இங்கிலீஷ் பள்ளியில் படித்துப் பட்டணத்துக் கல்லூரியில் இலக்கியம் கற்றவனுக்கு மார்க்கு. தமிழில் படித்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு அந்தக் காரணத்துக்காக ஒரு மார்க்குக் கிடையாது. எந்தத் தராசு இது?

திருத்தணி மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். 365 படிகள். வெயிலில் மூச்சிரைக்க ஏறுகிறவனும் உண்டு. மறுபக்கம் ரோடு வழியாகக் காரிலேயே உச்சிக்குப் போகிறவனும் உண்டு. மேலே போய்ச் சேர்ந்தபின் இருவரையும் நிறுத்தி "யார் முகம் தெளிவாயிருக்கிறது, யார் நன்றாய்ப் பேசுகிறார்" என்று பரீட்சித்தால் காரில் வந்தவரே ஜெயிப்பார். அவர் ஏறியதாகவும் சொல்லிக்கொள்வார்! (அங்கே போய் என்ன கண்டார்கள் என்பது வேறு சங்கதி.) இண்டர்வியூ என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

இது நாமாகக் கட்டிய கதையல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்களென்று அதன் தலைவர் லோவெல் துரைக்கு 1922இல் கவலை வந்தது. பரீட்சை வைத்தால் யூதப் பிள்ளைகள் ஜெயித்துவிடுகிறார்கள். நேராகவே வரம்பு கட்டப் பார்த்தார், கூச்சல் கிளம்பிற்று. பிறகு 1926இல் வேறு தந்திரம் செய்தார்கள். மார்க்கு மட்டும் போதாது, குணமும் ஆளுமையும் பார்க்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தோடு போட்டோவும் கேட்டார்கள். தூரத்து மாகாணத்துப் பிள்ளைகளும் வேண்டும் என்றார்கள். யூதர் தொகை தானே இறங்கிற்று. ஆக, மார்க்கைப் பிடித்துக்கொள்வதும் மார்க்கை விட்டுவிடுவதும், குணம் என்பதும் கலப்பு என்பதும், வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தந்தச் சமயத்தில் எது சௌகரியமோ அதுதான். அதே ஹார்வர்டின் வர்த்தகப் பள்ளி 1908இல் ஆரம்பித்தது. இரண்டு வருஷப் படிப்புக்குப் பெண்களை நேரே சேர்த்துக்கொண்டதோ 1963இல்தான்!

இதனால்தான் நமது மாகாணத்தில் வாசற்காரனுடைய தயவை நம்பாமல் எண்ணிக் கொடுக்கும் முறை வந்தது. 1928இல் வகுப்புவாரி உத்தரவின்படி 12 இடத்தில் இன்னாருக்கு இத்தனை என்று கணக்காயிற்று. பிறகு அது கல்லூரிக்கும் வந்தது. 1950இல் சண்பகம் துரைராசன் என்ற அம்மையார் வைத்தியக் கல்லூரியில் தமக்கு இடமில்லாமல் செய்கிறது என்று வழக்குப் போட, அந்த உத்தரவு ஐகோர்ட்டில் தள்ளுபடியாகி, 1951இல் சுப்ரீம் கோர்ட்டிலும் தள்ளுபடியாயிற்று. அந்த அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு வெளிவந்த சங்கதி! தமிழ்நாடு கொதித்ததன் மேல் அந்த வருஷமே அரசியல் சட்டத்தை முதன்முதலாகத் திருத்தினார்கள். இன்று அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் பரீட்சை மூலமாய் எம்.பி.ஏ. சேருகிறவர்களுக்கு 100க்கு 69 இடம் ஒதுக்கீட்டில் இருக்கிறதென்றால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் நிர்வாகத்தார் இஷ்டத்துக்கு விட்டிருக்கும் இடங்களில் மாத்திரம் எந்தத் தகுதி பார்க்கப்படுகிறதென்று கேட்காதீர்கள். அது சட்டைப் பையில் இருக்கிறது.

ஆனால் ஒதுக்கீட்டோடு காரியம் தீர்ந்துவிட்டதென்றும் நாம் எண்ணவில்லை. எண்ணிக் கொடுப்பது வாசலுக்கு வந்தவனுக்கு. வாசல் இருப்பதே தெரியாதவனுக்கு? இந்தக் கல்லூரிகள் மாணவரைத் தேடி எங்கே போகின்றன? டெல்லி, பம்பாய், பெங்களூர்ப் பெரிய ஓட்டல்களில் கண்காட்சி போடுகின்றன. பயிற்சிக் கம்பெனிகளின் கூட்டத்தில் வந்து பேசுகின்றன. திருத்தணியிலுள்ள சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரிக்கு ஒரு பேராசிரியர் வந்து, பி.காம். கடைசி வருஷத்துப் பிள்ளைகளிடம் தமிழில் ஒரு மணி நேரம் பேசினால் என்ன குறைந்துவிடும்?

அவர்களுக்குத்தான் லாபம். பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் பக்கங்களில் விசைத்தறி வைத்திருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு நூல் விலை ஏறினால் என்ன ஆகும், முதலாளி பாக்கியை நிறுத்தினால் கூலியை எப்படிச் சமாளிப்பது, கந்துவட்டிக்காரனிடம் எவ்வளவு தவணை கேட்பது என்பதெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். சாமிக்கென்று பக்தன் கொடுக்கிற தலைமயிர் எப்படி ஏலத்துக்குப் போய், திருப்பதியில் இணையவழி ஏலமாகவே போய், கப்பலேறி டோப்பாவாகிறது என்பதை அர்ச்சகர் சொல்லமாட்டார். கோயில் தெருவில் கடை வைத்திருப்பவன் மகன் சொல்லுவான். இந்தக் கல்லூரிகளில் பாடமே வியாபாரக் கதைகளை வைத்து விவாதிப்பதுதான் என்கிறார்கள். அப்படியானால் வியாபாரத்தை வயிற்றால் அறிந்தவர்களை விட்டுவிட்டு, புத்தகத்தில் அறிந்தவர்களை மாத்திரம் கூட்டி வைத்துக்கொண்டு கலப்பு என்று சொல்லுவது எப்படிப் பொருந்தும்?

வழி இல்லாமலுமில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் 1997இல் ஒரு சட்டம் செய்தார்கள்: எந்தப் பள்ளிக்கூடமானாலும் அதில் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தவனுக்கு மாகாணச் சர்வகலாசாலையில் இடம். பட்டணத்துப் பள்ளியும் பட்டிக்காட்டுப் பள்ளியும் அங்கே ஒன்றாயிற்று. டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பின்தங்கிய ஜில்லாவிலிருந்து வருகிறவனுக்கு மார்க்குக் கூட்டிப் போட்டு எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அரசு கலைக் கல்லூரியிலும் முதலில் தேறுகிற இரண்டு பேரைக் கேட் மார்க்குப் பாராமல் இண்டர்வியூவுக்குக் கூப்பிடுவோம் என்று திருச்சிக் கல்லூரி சொல்லட்டும்; தமிழில் பதில் சொல்ல விடட்டும்; வந்தவனுக்கு முதல் மூன்று மாதம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கட்டும். இங்கிலீஷ் மூன்று மாதத்தில் வரும். தறிக்கணக்கு வருமா?

சொல்லிக்கொடுக்கிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1961இல் ஆரம்பித்த ஆமதாபாத் கல்லூரி, ஆசிரியராவதற்கு வேண்டிய பி.எச்டி. படிப்புக்கு ஒதுக்கீடு கொடுக்க 2025 சேர்க்கை வரை காத்திருந்தது. அதற்குமுன் 2019ஆம் வருஷக் கடைசியில், ஆசிரியர் நியமன ஒதுக்கீட்டிலிருந்து தங்களுக்கு விலக்குத் தரவேண்டுமென்று இந்தக் கல்லூரிகள் மத்திய சர்க்காருக்கு எழுதியும் இருக்கின்றன. மாணவர் பல தரமாக இருக்கலாம், ஆசிரியர் மாத்திரம் ஒரே தரமாக இருக்க வேண்டும் போலும்!

கல்லூரிக்காரர்கள் செய்கிறபோது செய்யட்டும். அதுவரையில் மணவூர், திருத்தணித் தோழர்கள் செய்யக்கூடிய ஒரு காரியமிருக்கிறது. கேட் விண்ணப்பம் ஆகஸ்டு மாதம் திறந்து செப்டம்பரில் மூடப்படும். நம் சர்க்காரின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அதற்குச் செல்லாது. மத்திய சர்க்கார் மாதிரியில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியே வாங்க வேண்டும், அதுவும் ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வாங்கியதாயிருக்க வேண்டும். இது தெரியாமல் பொதுப் பிரிவு என்று போட்டுவிட்டால் பிறகு மாற்றவே முடியாது. அந்தப் பிள்ளைக்குச் சட்டம் கொடுத்த இடம் அந்த ஒரு வரியில் போய்விடும். ஆதிதிராவிட, பழங்குடித் தோழர்களுக்குப் பரீட்சைக் கட்டணம் பாதிதான். ஆகையால் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவில் யாரிருந்தாலும் மே, ஜூன் மாதத்திலேயே அவர்களை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய் விண்ணப்பம் போடச் செய்யுங்கள். தாசில்தார் ஆபீஸில் கையெழுத்தாகி வர நாளாகும்.