மூக்குக்கு ஒரு கணக்கு நோட்டு

திருவொற்றியூர் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், பஜ்ஜி வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்கள்: ''என்னங்க, ஏதோ வாடை வருதே?''

வீட்டுக்காரர் நாலு தடவை மோந்து பார்த்துவிட்டு, ''வாடையா? ஒண்ணும் இல்லையே!'' என்பார்.

பொய் இல்லை ஸார். ஒரே வாடையில் கிடந்தால் மூக்கு மரத்துப் போகும். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் வளர்ந்த மூக்கு, பாவம், அது எத்தனை புகாரைத்தான் மூளைக்கு அனுப்பும்!

எங்கள் பேட்டையில் மெடிக்கல் கேம்ப்புக்குப் பஞ்சமே கிடையாது. தலைவர் பிறந்தநாளா? ஷாமியானா, பி.பி., சுகர், ஒரு ஸ்ட்ரிப் மாத்திரை, போட்டோ. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ''ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன வாடை வந்துச்சு? யாருக்கெல்லாம் தொண்டை எரிஞ்சுது?'' என்று ஷாமியானாவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து எண்ணூர் கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா வரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிந்து எழுந்தார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பைக்கிலும் ஆட்டோவிலும் ஓடினார்கள். 40 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். ஆலை வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்த அமோனியா, கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். 24 மணி நேர சராசரிக்கு அனுமதி 400. இந்த எண் வெளியே வந்தது பிற்பாடுதான். ஊரைக் காப்பாற்றியது மூக்கு!

அதே மாதம் 4-ம் தேதிதான் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் மக்காலும் பக்கெட்டாலும் அள்ளினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பக்கெட் ஞாபகம் வந்தது. கடலூர் பக்கெட்!

கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கிற கிராமத்து ஆட்கள் 2004-ல் ஒரு வேலை செய்தார்கள். வாடைகளைப் பிரித்துச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அழுகின முட்டையா, நெயில் பாலிஷா, பிண வாடையா... தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், உடம்புக்கு என்ன செய்தது என்று எழுதி வைத்தார்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பக்கெட், உள்ளே ஒரு ஸ்பெஷல் பை. வாடை வரும் நேரத்தில் காற்றைப் பிடித்து அமெரிக்க லேபுக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் தென்பட்டன; சில புற்றுநோய் தருபவை. உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழுவே அதைக் கவனிக்க வேண்டி வந்தது.

அந்த பக்கெட்டுக்கு மூலம் கலிஃபோர்னியா. 'எரின் ப்ராக்கவிச்' படத்தில் வருவாரே வக்கீல் எட் மாஸ்ரி, நிஜ மாஸ்ரி 1995-ல் ஒரு ரீஃபைனரி கேஸுக்காக எஞ்சினீயர்களை வைத்துச் செய்யச் சொன்னது.

நான் பி.காம். கடலூர்க்காரர்கள் வைத்தது எனக்கு அக்கவுன்ட்ஸாகத்தான் தெரிகிறது. வாடை நோட்டு, டே-புக். லேப் ரிப்போர்ட், வவுச்சர். வவுச்சர் இல்லாத டே-புக்கை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். டே-புக் இல்லாமல் வெறும் வவுச்சரை வைத்துக்கொண்டு எதற்கு என்ன செலவு என்று யாருக்கும் புரியாது. டாக்டர் மட்டும் வந்தால் பி.பி.யோடு போய்விடுவார். ஊர்க்காரன் மட்டும் கத்தினால் 'சும்மா சொல்றாங்க' என்று ஃபைலை மூடிவிடுவார்கள். ரெண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். கேள்வி எது என்பதை ஊர்க்காரன் சொல்ல வேண்டும்.

திருவொற்றியூருக்கு ஒரு வார்டுக்கு ஒரு எண்பது பக்க நோட்டு போதும். காற்றுக்குக் கண்டிப்பாக ஒரு காலம் விடுங்கள். பகலில் கடல்காற்று, வாடையை மணலிப் பக்கம் தள்ளும். ராத்திரி தரைக்காற்று மேற்கேயிருந்து திரும்பும். மணலியில் கிளம்புவது நம்ம ஜன்னலுக்கு வரும். ஆபீசர்கள் வருவது பகல் பதினோரு மணிக்கு!

அதனால் நோட்டை நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆள் கையில் கொடுங்கள். கூடவே, வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கிற மச்சான் யாராவது இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூக்கு இன்னும் மரத்துப் போகாத ஒரு ஆள் வேண்டுமே.